அணையாத ஃப்ளாஷ்

மஞ்சனேரி கீழப் புதுத்தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று கேட்பதை எல்லாரும் விட்டுவிட்டு, எப்போது வரும் என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், விசிறிமட்டைக்கும் மெழுகுவத்திக்கும் தெருவே பழகிப்போய், ராத்திரிச் சோற்றைப் பொழுது சாயும்போதே உருட்டி விழுங்கிவிட்டு வாசலில் வந்து காற்றுக்கு உட்கார்ந்திருந்த ஒரு ஐப்பசியில், டவுன் ஜவுளிக்கடையின் தீபாவளிக் குலுக்கலில் ஆவுடைத்தங்கத்துக்கு ஒரு கேமரா விழுந்தது.

ஆவுடைத்தங்கம் எங்கள் தெருவுக்கு ஜாக்கெட் தைப்பவள். ரேஷன் கடையில் எடை போடும் பால்வண்ணனின் மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் செண்பகத்தின் அம்மா, எங்கள் எல்லாரையும்விட ஒரு சாண் குட்டை. வேண்டுமானால் கேமராவுக்குப் பதில் மிக்ஸி எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொன்னபோது, கூடப் போயிருந்த நாங்கள் எல்லாரும் மிக்ஸி, மிக்ஸி என்று அவள் முதுகில் இடித்தோம். அவள் அந்தக் கேமராவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோப்புப் பெட்டி அளவில், வெள்ளி நிறத்தில், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கயிறோடு இருந்தது. பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்னச் சத்தத்தோடு அதன் மூக்கு வெளியே நீண்டு, கண் திறந்தது. "இதே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று வழிநெடுகக் கேட்டோம். பஸ் மஞ்சனேரிக்கு வந்து சேரும்வரை அவள் அதன் கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

முதலில் அவள் எடுத்த படங்களில் மனிதர்களே இல்லை. இருந்தாலும் முழுசாக இல்லை. மகளை எடுத்தால் சடை மட்டும் விழுந்தது, சேவலை எடுத்தால் வால் மட்டும் விழுந்தது, புருஷனை எடுத்தபோது பாதி புருஷனும் பாதி அவளுடைய கட்டைவிரலும் விழுந்தன. சின்னத் திரையில் அதைப் பார்த்துவிட்டுப் பால்வண்ணன், "உன் விரல் நல்லா விழுந்திருக்கு தங்கம்" என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கேமராவோடு வந்த புத்தகத்தில் உலகத்துப் பாஷையெல்லாம் இருந்தும் தமிழ் இல்லாததால், படம் பார்த்துப் படம் பார்த்து, பூ அடையாளம் இருந்தால் கிட்டத்தில் எடுக்க, மலை அடையாளம் இருந்தால் தூரத்தில் எடுக்க, குப்பைத்தொட்டி அடையாளம் இருந்தால் அழிக்க என்று தானாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். மின்னல் அடையாளம் என்னவென்று அவளுக்குத் தெரியுமுன்னே கேமரா அதைத் தானே செய்துவிட்டது.

அன்றைக்கும் அந்தி மயங்கும் நேரத்தில்தான் கரண்ட் போயிற்று. அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கரண்ட்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த செண்பகத்தின் முகத்தைப் பார்த்து, இது நல்லாயிருக்கே என்று ஆவுடைத்தங்கம் பொத்தானை அழுத்தினாள். ஃப்ளாஷ் பளீரென்று அடித்தது. அடித்தது போகவில்லை. கேமராவை அவள் கீழே இறக்கிய பிறகும், அவள் மூக்குக்கு நேர் உயரத்தில், உரித்த பூண்டுப்பல் மாதிரி ஒரு துண்டு வெளிச்சம் காற்றிலேயே நின்றது.

"அத அணைச்சிட்டு வா, சாப்பிடுவோம்" என்றார் பால்வண்ணன்.

"அணைய மாட்டேங்கு."

"அப்பம் இங்கனயே இலையப் போடு."

அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று சொன்னாராம். செண்பகம் அன்று கணக்குப் பாடம் முழுவதையும் முடித்தாள். மறுநாள் காலையில் சூரியன் வந்த பிறகும் அந்த வெளிச்சம் அதே இடத்தில், பகலில் தெரியும் நிலா மாதிரி வெளுத்துப்போய் நின்றது. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் கையை உள்ளே விட்டுப் பார்த்தோம். புதுப்பானைக்குள் கை விட்ட மாதிரி குளிர்ச்சியாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் கொம்பையா அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். ஆட்டுரல் சத்தத்தைவிடப் பெரிய குரல் அவருக்கு. தெருவில் குழாய்த் தண்ணீர் முறை வைப்பதிலிருந்து கோயில் கொடைக்குக் கொட்டகை போடுவது வரை அவர் சொல்லாமல் நடக்காது. "தாயி, நம்ம கடையில பாய்லர் பக்கத்துல நின்னு என்னைய ஒரு படம் எடேன். படம் எப்படி வந்தாலும் சரி" என்றார். அவள் எடுத்தாள். படத்தில் அண்ணாச்சிக்கு நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் பாய்லருக்கு எதிரே வெளிச்சம் நின்றது. அன்றிலிருந்து கரண்ட் போன நேரத்திலும் அவர் கடையில் டீ பொங்கியது.

அதன்பிறகு தெருவே கூப்பிட்டது. மாட்டுக்கொட்டகையில் ஒன்று, மாவு மில் வாசலில் ஒன்று, அம்மன் கோயில் முன்னால் ஒன்று, பூசாரிக்குக் கொடுத்துவிட்டுத் தங்களுக்கு இல்லையா என்று சர்ச் உபதேசியார் கேட்டதால் அங்கே ஒன்று, பீடி சுற்றும் பெண்கள் கூடுகிற வேம்படியில் இரண்டு என்று, எங்கெல்லாம் அவள் நின்று யாரையாவது படம் பிடித்தாளோ அங்கெல்லாம் வெளிச்சம் நின்றது. படத்துக்கு நின்றவர் நின்ற இடத்தில் அல்ல, படம் எடுத்தவள் நின்ற இடத்தில். அதனால் எங்கள் தெரு வெளிச்சம் எல்லாம் ஒரே உயரம். உயரமான ஆண்கள் குனிந்து போனார்கள். அசலூர்க்காரர்கள் கண் கூசி முட்டிக்கொண்டார்கள். கோழிகளுக்கு எப்போது அடைவது என்று தெரியாமல் போய் நடுச்சாமத்தில் கூவின. உலகத்துப் பல்லியெல்லாம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது. தூங்க வேண்டியவர்கள் பனையோலைக் கூடையை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு வெளிச்சத்தை மூடினார்கள், காலையில் கயிற்றை இழுத்துத் திறந்தார்கள். கரண்ட் திருட்டு என்று யாரோ சொல்லிவிட, மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து ஒயர் தேடினார். ஒயர் இல்லை. டீ குடித்தார். போகும்போது ஆவுடைத்தங்கத்திடம், "எங்க வீட்டுல மாமியாருக்கு ராத்திரியில கண்ணு தெரியாதும்மா, ஒரு நாள் வந்துட்டுப் போனீங்கன்னா" என்று மெதுவாகச் சொன்னார். அவளும் போய்விட்டு வந்தாள்.

எங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. படங்களை யாரும் கேட்கவில்லை. அவற்றைப் பிரிண்ட் போட வழியும் இல்லை. டவுன் ஸ்டூடியோவில் கொடுத்தால் எல்லாம் கறுப்பாகவே வந்தது. ஸ்டூடியோக்காரர் வில்சன் அதைப் பார்த்து, "வெளிச்சத்த உங்க தெருவுலயே விட்டுட்டு வந்துட்டிய, பேப்பர்ல எப்படிம்மா விழும்?" என்றார். அந்த முகங்கள் அந்தக் கேமராவின் உள்ளங்கை அகலத் திரையில் மட்டுமே தெரிந்தன. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஆவுடைத்தங்கம் மட்டும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் ஒவ்வொருவரின் கழுத்து அளவும் கை அளவும் அவளுக்கு மனப்பாடம், இன்ச் டேப்போடு இத்தனை வருஷம் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தவள், எங்கள் முகத்தை அப்போதுதான் பார்க்க ஆரம்பித்தாள் என்று நினைக்கிறோம்.

அவள் படங்களைப் பார்த்த இன்னொருத்தி எஸ்தர்.

எஸ்தரும் அவள் புருஷன் தேவசகாயமும் தெருவில் மாவு மில் வைத்திருந்தார்கள். எந்நேரமும் அவள் புருவத்தில் மாவு இருக்கும், இமையில் இருக்கும், சிரித்தால் கன்னத்திலிருந்து உதிரும். மில் ஓடாத நேரமெல்லாம், அதாவது அந்த வருஷங்களில் பகலில் பாதி, அவள் ஆவுடைத்தங்கத்தின் வீட்டில்தான் இருப்பாள். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்து அந்தச் சின்னத் திரையைப் பார்ப்பார்கள்.

"ஏட்டி தங்கம், கொம்பையா அண்ணாச்சி தலைய எங்க வச்ச?"

"உள்ளதான் இருந்துது. அழுத்தும்போது கை ஆடிட்டு."

"மூச்ச நிறுத்திட்டு அழுத்து. நான் தராசுல மாவு நிறுக்கும்போது அப்படித்தான் செய்வேன்."

அதன்பிறகு ஆவுடைத்தங்கம் மூச்சை நிறுத்திவிட்டு அழுத்தினாள். படங்கள் நேராயின. தலைகள் உள்ளே வந்தன.

ஆனால் எங்கள் வெளிச்சத்தால் தெரு முழுக்க எல்லா வேலையும் நடந்தபோதும் ஒன்று நடக்கவில்லை. அது மோட்டாரை ஓட்டவில்லை. அவர்களுடைய மில் வாசலில் ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு வெளிச்சம் நின்றது, உள்ளே கல் சுற்றாமல் நின்றது. கரண்ட் வருகிற நேரத்துக்கு ஊறப்போட்ட அரிசி புளித்தது. ஜனங்கள் பாக்கெட் மாவு வாங்கப் பழகினார்கள். தேவசகாயம் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, திருப்பூரில் மச்சினன் வேலை பார்க்கிற பனியன் கம்பெனிக்குப் போவதென்று முடிவு செய்தார். சாமான்களை ஒரு சின்ன லாரியில் ஏற்றினார்கள். எஸ்தர் வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டாள். ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. தன் வீட்டு வாசலில் நின்றே கையை ஆட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

லாரி தெருவைத் தாண்டியதும் ஆவுடைத்தங்கம் மெஷினை விட்டு எழுந்தாள். எஸ்தர் தைக்கக் கொடுத்திருந்த ஊதா ஜாக்கெட், கொக்கி மட்டும் வைக்க வேண்டியது, மெஷின் மேலேயே கிடந்தது. அதை ஒரு கையிலும், மணிக்கட்டில் தொங்கிய கேமராவுமாக ஓடினாள். நாங்கள் அவள் ஓடி அதற்குமுன் பார்த்ததில்லை. குளத்தங்கரை மேட்டில் லாரி ஏற முடியாமல் கியர் மாற்றிக்கொண்டிருந்ததால் பிடித்துவிட்டாள். ஜாக்கெட்டை மேலே எறிந்தாள். கட்டில் சட்டத்துக்கும் மாவு சலிக்கிற பெரிய சல்லடைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எஸ்தர் அதை எட்டிப் பிடித்தாள். பிடிக்கப்போன அந்த நேரத்தில் ஆவுடைத்தங்கம், ஓடிவந்த இளைப்பையெல்லாம் அடக்கி, மூச்சை நிறுத்திப் பொத்தானை அழுத்தினாள். இருட்டிக்கொண்டு வந்ததால் கேமரா தானாக ஃப்ளாஷ் அடித்தது. லாரி மேடு ஏறிப் போய்விட்டது. வெளிச்சம் யாருக்கும் உதவாத அந்தக் குளத்தங்கரையில், கருவேலங்காட்டைப் பார்த்தபடி நின்றது.

திருப்பூரிலிருந்து எஸ்தர் இரண்டொரு தடவை போன் பேசினாள். பிறகு அந்த எண்ணைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்றது.

அந்தக் கோடையில்தான் குழாயடித் திருப்பத்தில் கோமு விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். கோமு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். முனிசிபாலிட்டித் தண்ணீர் பொழுது இருட்டிய பிறகே திறந்துவிடுவதால், குடத்தோடு அந்த வளைவில் இறங்கும்போது கல் தடுக்கிவிட்டது. அங்கே ஒரு வெளிச்சம் வேண்டும் என்று எல்லாரும் போனோம். ஆவுடைத்தங்கம் கேமராவைக் காட்டினாள். படங்கள் பதிகிற மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. புதுக் கார்டு வாங்கிப் போட்டும் பார்த்தாள். அதில் எடுத்தால் ஃப்ளாஷ் எல்லா ஊர் ஃப்ளாஷ் மாதிரியும் அடித்து, எல்லா ஊர் ஃப்ளாஷ் மாதிரியும் அணைந்தது. பழைய கார்டிலிருந்து ஒன்றை அழித்தால்தான் இடம். மங்கலான படம் ஒன்றை அவள் முன்பு ஒரு தரம் அழித்துப் பார்த்திருக்கிறாள். வேம்படி வெளிச்சத்தில் ஒன்று அந்த நிமிஷமே அணைந்துபோனது எங்களுக்கெல்லாம் தெரியும்.

"யோசிக்க என்ன இருக்கு தாயி" என்றார் கொம்பையா அண்ணாச்சி. "குளத்தங்கரையில ஒண்ணு சும்மா நிக்கில்லா. காக்காயும் கொக்கும் பாத்துட்டுக் கெடக்கு. அத அழி."

"அது மாட்டேன்."

"ஏன்?"

"அது நல்லா வந்த படம் அண்ணாச்சி."

"நல்லா வந்தா என்ன, வராட்டா என்ன? ஒருத்தி கை ஒடிஞ்சு கெடக்கா. நீ படம்ங்க."

ஆவுடைத்தங்கம் எங்களிடம் எதையும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் துணி கொடுத்தாலும் தைத்துக் கொடுக்கிறவள். எங்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. எஸ்தர் போனவள் போனவள்தானே, இப்பம் ஒரு போன் கூடப் பண்ணாதவளுக்கு என்ன இவ்வளவு என்று ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். ஆவுடைத்தங்கம் செருப்பை மாட்டினாள். "அழிக்கணும்னா அழிச்சிருதேன். ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

நாங்கள் பின்னால் போனோம். கையில் கட்டோடு கோமுவும் வந்தாள். கரை மேட்டில் அந்த ஒற்றை வெளிச்சம் தண்ணீரிலும் விழுந்து இரண்டாக நின்றது. அதன் பக்கத்தில் வைத்துக் கேமராவைத் திறந்து, படத்தை எடுத்து, முதலில் அண்ணாச்சியின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். கேமரா கை மாறிக் கை மாறி வந்தது. லாரியின் மேலே, சாமான்களுக்கு நடுவில், எஸ்தர் இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். ஊதா ஜாக்கெட் அவள் கைக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு பறவை மாதிரி விரிந்திருந்தது. புருவத்தில் மாவு இருந்தது. அவள் ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தாள். அதாவது படம் எடுத்தவளைப் பார்த்தாள். அப்படி ஒருத்தரை ஒருத்தர் பார்த்து எங்களில் பலர் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மூணு நாளு மில்லுல நின்னு அரைச்சுத் தந்தா" என்றார் அண்ணாச்சி.

கோமு ஒற்றைக் கையால் கேமராவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "என் படம் எப்படி இருக்கு? காட்டு" என்றாள். மாட்டுக்கொட்டகையில் எடுத்த படம் திரையில் வந்தது. கோமு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையில் சாணிக்கூடையோடு நின்றாள்.

"இந்த மூஞ்சிய என்னத்துக்கு வச்சிருக்க? இத அழி. மாடு இருட்டுல நிக்கட்டும், அதுக்கு என்ன பரீட்சையா எழுதுது? கொழாயடியில என்னைய நிக்கவச்சு, கண்ணு தெறந்தாப்பல ஒண்ணு எடு."

அப்படியே செய்தாள். அழித்தாள், கொட்டகை இருண்டது. எடுத்தாள், குழாயடி வெளுத்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை முழு அகலத்துக்கும் திறந்துகொண்டு கோமு சிரித்த அந்தப் படத்தைப் பார்க்க மறுநாள் தெருவே வந்தது. அதோடு, தங்கள் தங்கள் படத்தையும் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். வெளிச்சம் வந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் நாங்கள் எங்கள் படங்களைப் பார்த்தோம்.

யாருக்கும் உதவாது என்றிருந்த குளத்தங்கரை வெளிச்சத்துக்கும் பிறகு ஒரு வேலை வந்தது. தென்காசியிலிருந்து வருகிற கடைசி பஸ்ஸின் டிரைவர் இருட்டில் கரை வளைவு தெரிவதற்கு அதை அடையாளம் வைத்துக்கொண்டார். அங்கே வேகம் குறைவதைப் பார்த்து, குளத்துக்கு அந்தப்புறக் குடியிருப்பு ஜனங்கள் அங்கேயே ஏறவும் இறங்கவும் ஆரம்பித்தார்கள். இது என்ன இடம் என்று கண்டக்டர் கேட்டபோது, பஸ்ஸில் இருந்த கோமு, "எஸ்தரு லைட்டு" என்றாள். கொஞ்ச நாளில் லைட்டு உதிர்ந்து எஸ்தர் மட்டும் நின்றது. எஸ்தர் ஒண்ணு குடுங்க என்று டிக்கெட் கேட்டார்கள்.

பிறகு ஒரு கார்த்திகையில், போன கரண்ட் வந்தது. வந்தது போகவில்லை. முதலில் நாங்கள் நம்பாமல் மெழுகுவத்தியை முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தோம். மாசியும் பங்குனியும் கழிந்தும் அது போகாததால், கூடைகளின் கயிற்றை இழுக்கச் சோம்பல்பட்டோம். பல்லிகள் எரிச்சலாகத் தெரிந்தன. தூக்கம் கெடுகிறது, ரத்தக்கொதிப்பு ஏறுகிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராக ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்குப் போனோம்.

அவள் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. வருகிறவரை முதலில் வெளியே கூட்டிப்போய், காலை வெயிலில், சுவரோரமோ கிணற்றடியிலோ நிறுத்தி, மின்னல் அடையாளத்தின் மேல் குறுக்குக் கோடு விழும்படி மாற்றிவைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுப்பாள். அந்தப் படம் புதுக் கார்டில் இருக்கும், வில்சன் கடையில் பிரிண்ட் ஆகும். வெயில் எந்தப் பக்கம் விழுந்தால் மூக்கு நிழல் உதட்டில் விழாது என்று இதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகுதான் பழைய கார்டைப் போட்டு, பழைய படத்தைக் காட்டி, "நீங்களே அழுத்துங்க" என்று கேமராவைக் கையில் கொடுப்பாள். குப்பைத்தொட்டிப் படத்துக்கு அடியில், அழிக்கவா வேண்டாமா என்று அது கேட்கும். கொம்பையா அண்ணாச்சி நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லாத தன் படத்தைப் பார்த்து, "இதுல எனக்கு மீசை கறுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு, டீ ஆறுகிற நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அழுத்தினார். அம்மன் கோயில் பூசாரி அழுத்திவிட்டுக் கைகூப்பினார். பால்வண்ணன், முன்னறை வெளிச்சத்தை அணைக்க வந்த செண்பகத்திடம், "நான் சாப்பிட்டு முடிச்சுக்கிடுதேன்" என்றார். செண்பகம் காலேஜுக்குப் போன வருஷம் அது.

ஒவ்வொன்றாக அணைய அணையத் தெரு பழையபடி தெரு ஆனது. தெருவிளக்குகள் உயரத்தில் எரிந்தன. யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஆண்கள் பலர் டீக்கடை முன்னாலும் வேம்படியிலும் வரும்போது இன்றைக்கும் தலையை லேசாகக் குனிகிறார்கள். கேட்டால் இல்லை என்பார்கள்.

ஆவுடைத்தங்கம் அந்தச் சோப்புப் பெட்டிக் கேமராவோடேயே இருந்தாள். எங்கள் பிள்ளைகள் கையில் போன் வந்து, போனில் கேமரா வந்து, சாப்பிடுவதையும் தூங்குவதையும் எல்லாரும் எடுத்துத் தள்ளிய பிறகும், சடங்குக்கும் வளைகாப்புக்கும் அவளைத்தான் கூப்பிட்டோம். பழைய கார்டில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது.

வருஷங்கள் போய், ஒரு தை மாதம், மகன் ஜோயலின் கல்யாணப் பத்திரிகையோடு எஸ்தர் வந்தாள். கடைசி பஸ்ஸில், ஜன்னலோரம், நரைத்த தலையும் மாவில்லாத புருவமுமாக உட்கார்ந்திருந்தவளை எங்களில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வழியில் தூங்கிவிட்டாளாம். "எஸ்தர் எறங்கு! எஸ்தர் எறங்கு! சீக்கிரம்!" என்று கண்டக்டர் கத்தியதும் பதறிப்போய் எழுந்தாள். தன் பேர் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவும் தோன்றாமல், பையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் போய்விட்டது. எதிரே அவளுடைய கழுத்து உயரத்தில் ஒரு துண்டு வெளிச்சம் நின்றது. கூட இறங்கிய காலேஜ் பெண்ணிடம், "யாரும்மா எஸ்தர்?" என்று கேட்டாளாம். "யாரும் இல்ல அத்தே, ஸ்டாப் பேரு" என்றதாம் அந்தப் பெண்.

எஸ்தர் வெளிச்சத்தைச் சுற்றி வந்தாள். பிறகு அதன் உயரத்தைத் தன் கையால் அளந்தாள். அங்கிருந்து நேராக ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்கு நடந்தாள்.

அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு முழுசாகத் தெரியாது. ஜன்னலில் தலையோடு தலை சேர்ந்து தெரிந்தது. கேமராவின் பேட்டரி உப்பிப்போனதால் சார்ஜர் ஒயரோடு சேர்த்துப் பிடித்துப் படத்தைப் பார்த்தார்களாம். எஸ்தர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "என் பேர என்னத்துக்குட்டி வச்சிய? நான் லாரி மேல போயிட்டேன். வெளிச்சம் நிக்கது நீ நின்ன இடம்லா. வண்டி குளத்த சுத்தித் திரும்புத வரைக்கும் பாத்துட்டேதான் போனேன். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்துல நீ அசையாம நின்ன. சொல்லிக்கிட வந்தா அழுதுருவேன்னுதான் உன் வீட்டுக்கு வரல" என்று சொன்னதை மட்டும் பால்வண்ணன் எங்களுக்குச் சொன்னார். அதற்கு ஆவுடைத்தங்கம் என்ன சொன்னாள் என்று கேட்டோம். "பத்திரிகையில மஞ்சள் தடவலயேன்னு கேட்டா. எங்க சர்ச்சுல அதெல்லாம் இல்லன்னா எஸ்தர். பெறகு ரெண்டு பேரும் சிரிச்சாளுவ" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு இருவரும் குளத்தங்கரைக்கு வந்தார்கள். டவுனுக்குப் போக நாங்களும் ஏழெட்டுப் பேர் அந்த பஸ்ஸில் ஏறினோம். எஸ்தர் படியில் நின்றபடியே ஆவுடைத்தங்கத்தின் கையை விடாமல் பிடித்திருந்ததால் டிரைவர் ஹாரன் அடித்தார். பிறகு விட்டாள். பஸ் கரையைச் சுற்றத் தொடங்கியது. எஸ்தர் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் வெளிச்சம் தெரியவில்லை, அதன் பக்கத்தில் நின்ற குட்டையான உருவம் மட்டும் தெரிந்தது.

கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். புதுப் பையன், ஊருக்குப் புதுசு.

"எங்க ஏறுனீங்கம்மா?"

"ஆவுடைத்தங்கத்துல" என்றாள் எஸ்தர்.

அவன் கையிலிருந்த மெஷினைத் தட்டிப் பார்த்தான். "அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லியே."

"இருக்கு தம்பி" என்றாள் எஸ்தர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பம் நிறுத்துனியள்லா, அதான்."

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் எல்லாரும் ஆமாம் என்றோம்.